யாரைக் கேட்டுப் பெயர் வைப்பது?

2019 டிசம்பரில் தென்னாப்பிரிக்க அரசு ஒரு பெயர்மாற்றத்துக்கு ஒப்புதல் தந்தது. கேப்டவுன் நகரின் மையத்தை ஒட்டிய ஒரு பகுதி, அரசு ஏடுகளில் அதுவரை ‘சோனப்ளூம்’ என்றிருந்தது, இனி ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ என்று வழங்கும். கையெழுத்திட்டவர் விளையாட்டு, கலை, பண்பாட்டுத் துறை அமைச்சர் நாத்தி ம்தெத்வா. அந்த இடத்தைப் பற்றி ஒரு வரியாவது படித்திருந்த வெளிநாட்டவருக்கு இந்தச் செய்தி குழப்பத்தைத்தான் தந்திருக்கும். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்பதுதானே அதன் பெயர்? நிறவெறி ஆட்சி முடிந்து 25 ஆண்டுகள் ஆகியும் அந்த ஆட்சி சூட்டிய பெயரா ஏட்டில் இருந்தது?

இருந்தது. தாமதத்தில் அரசின் மெத்தனத்துக்குப் பங்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கும் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. ஓர் ஊர்ப்பகுதியின் பெயரை மாற்றுமுன் அங்கே குடியிருப்பவர்களைக் கேட்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். குடியிருப்பவர்கள் யார் என்பதில்தான் சிக்கல். இன்று வீட்டுச் சாவி வைத்திருப்பவரா, சாவியைப் பிடுங்கிக்கொண்டு துரத்தப்பட்டவரா?

1867இல் கேப்டவுன் நகராட்சி தன் எல்லையை மாவட்டங்களாகப் பிரித்தபோது ஆறாவதாக எண்ணிட்ட பகுதி இது. துறைமுகத்துக்கும் டெவில்ஸ் பீக் மலைச்சரிவுக்கும் இடைப்பட்ட நெருக்கமான தெருக்கள். விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள், மலாய் முஸ்லிம்கள், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த யூதர்கள், கைவினைஞர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், சிறு வணிகர்கள் என்று கலந்து வாழ்ந்த இடம். 1901இல் பிளேக் நோயைக் காரணம் காட்டிக் கறுப்பின மக்களை நகரத்துக்கு வெளியே முகாமுக்கு விரட்டியதோடு முதல் வெளியேற்றம் நடந்தது. பெரிய வெளியேற்றம் பின்னால் வந்தது. 1966 பிப்ரவரி 11 அன்று, 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ், இப்பகுதி வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டது. 1968 முதல் 1982 வரை 60,000 பேருக்கும் மேல் லாரிகளில் ஏற்றப்பட்டு, கேப் ஃபிளாட்ஸ் எனும் மணல்வெளியில் எழுப்பிய குடியிருப்புகளில் இறக்கப்பட்டனர். வீடுகளை புல்டோசர்கள் இடித்துத் தள்ளின. பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் மட்டும் தொடவில்லை. 1970இல் அந்த வெற்றிடத்துக்கு வைத்த பெயர்தான் சோனப்ளூம்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. சோனப்ளூம் நிறவெறி அதிகாரிகள் கற்பனையில் உதித்த பெயர் அல்ல. டச்சுக் காலத்திலிருந்தே அங்கே அந்தப் பெயரில் ஒரு பண்ணை இருந்தது. 1858இல் அதே பெயரில் ஒரு கல்லூரியும் தொடங்கப்பட்டது. ஆப்பிரிக்கத் தலைவர்களின் பிள்ளைகளுக்காக ஆங்கிலிகன் பேராயர் ராபர்ட் கிரே முன்னின்று நடத்தியது. பழமையைத்தான் அளவுகோலாகக் கொள்வோம் என்றால் சோனப்ளூமே மூத்தது. இதற்கு நேர்மாறாக, டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் ஒரு நகராட்சிக் குமாஸ்தாவின் பேரேட்டு எண். 1867இல் அங்கே குடியிருந்த எவரையும் கேட்டு வைத்ததல்ல. ஆனால் நூறு ஆண்டுகளில் அந்த எண் மக்கள் வாயில் புழங்கிப் பெயராகிவிட்டது. வரைபடத்தில் சோனப்ளூம் என்று அச்சாகிக்கொண்டிருந்த காலத்தில்தான், 1986இல், ரிச்சர்ட் ரைவின் நாவல் தலைப்பிலேயே டிஸ்ட்ரிக்ட் சிக்ஸைத் தாங்கி வந்தது. மறு ஆண்டே டேவிட் க்ராமரும் தாலிப் பீட்டர்சனும் அதே பெயரில் ஓர் இசை நாடகத்தை மேடையேற்றினர். பெயர் யாரால் வைக்கப்பட்டது, எப்போது வைக்கப்பட்டது என்பவையெல்லாம் இரண்டாம்பட்சம். யாருடைய வாழ்க்கையைத் துடைக்க எந்தப் பெயர் பயன்பட்டது என்பதே இங்கே வழக்கு. பெயர்மாற்ற விவாதங்களில் கல்வெட்டும் கஜெட்டும் காட்டிப் பழமையை நிறுவ முனைபவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஜோஹானஸ்பர்க்கின் சோஃபியாடவுன் கதையில் சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஹெர்மன் டோபியான்ஸ்கி என்ற நில வணிகர் தன் மனைவி சோஃபியாவின் பெயரை மனைப்பிரிவுக்கு வைத்தார். சில தெருக்களுக்கும் குடும்பத்தார் பெயர்களைச் சூட்டினார். கறுப்பினத்தவர் சொந்தமாக மனை வாங்க முடிந்த மிகச்சில நகர்ப்புற இடங்களில் அது ஒன்று. 1955 பிப்ரவரி 9 அன்று சுமார் 2,000 போலீசாரின் காவலோடு வெளியேற்றம் தொடங்கியது. மக்கள் சொவேட்டோவின் மெடோலேண்ட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டனர். தரைமட்டமான இடத்தில் வெள்ளை உழைப்பாளர்களுக்கான வீடுகள் எழுந்தன. புதுப் பெயர் ‘ட்ரியோம்ஃப்’, ஆஃப்ரிகான்ஸ் மொழியில் வெற்றி. இப்படிப்பட்ட பெயருக்கு விளக்கவுரை தேவையில்லை.

நிறவெறி ஆட்சி போன பின் 1997இல் நகர மன்றம் பழைய பெயரை மீட்கத் தீர்மானித்தது. அது நடைமுறைக்கு வந்தது 2006 பிப்ரவரி 11இல், மேயர் அமோஸ் மசோண்டோவின் காலத்தில். தீர்மானத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் இடையே ஒன்பது ஆண்டு. இந்த ஒன்பது ஆண்டுகளில் அங்கே குடியிருந்தவர்கள் பெரும்பாலும் எளிய வெள்ளைக் குடும்பங்கள். அவர்களில் பலர் ட்ரியோம்ஃபிலேயே பிறந்தவர்கள். 1955இல் எந்த லாரியையும் ஓட்டியவர்கள் அல்ல. அவர்களுக்கும் அது அம்மா கடைக்கு அனுப்பிய தெரு, பள்ளி நண்பனின் வீடு இருந்த முனை. ‘குடியிருப்போரிடம் வாக்கெடுப்பு நடத்துவோம்’ என்ற நியாயமாகத் தோன்றும் யோசனையை இந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வாக்களிக்க யாருக்குத் தகுதி? முகவரிச் சான்று உள்ளவருக்கு. முகவரி யாருக்குக் கிடைத்தது? 1955இன் வெளியேற்றத்தால் இடம் காலியான பிறகு வந்தவருக்கு. வாக்காளர் பட்டியலே வெளியேற்றத்தின் விளைபொருளாக இருக்கும்போது, அந்தப் பட்டியலை வைத்து எடுக்கும் வாக்கெடுப்பு பழைய உத்தரவுக்கு இரண்டாம் முறை முத்திரை குத்துவதாகவே முடியும்.

அதற்காக இன்று குடியிருப்பவரின் குரலைத் தள்ளிவிடவும் முடியாது. அவரைக் கேட்க வேண்டும், ஆனால் தடுக்கும் அதிகாரத்தை அவர் கையில் மட்டும் கொடுக்கக் கூடாது. என் நிலைப்பாடு இதுதான். தென்னாப்பிரிக்கச் சட்டமும் ஏறத்தாழ இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் அங்கே வந்து சேர அது நிறைய அடிபட்டிருக்கிறது.

1998இன் 118ஆம் எண் சட்டம் தென்னாப்பிரிக்க இடப்பெயர் மன்றத்தை உருவாக்கியது. தெருப் பெயர்கள் அந்தந்த நகராட்சியின் பொறுப்பு. ஊர், ஊர்ப்பகுதி போன்றவை மாகாணக் குழு வழியாகத் தேசிய மன்றத்துக்குப் போகும். அங்கிருந்து பரிந்துரையாக அமைச்சரிடம். அமைச்சர் ஒப்புக்கொண்டால் அரசிதழில் வெளியாகும். வெளியான ஒரு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபனை தெரிவிக்கலாம். இதில் வாக்கெடுப்பு எங்கும் இல்லை, கலந்தாலோசனை உண்டு. உள்ளூர் மக்களிடம் உரியபடி கேட்டிருக்கிறார்களா என்பதுதான் முடிவு செல்லுமா செல்லாதா என்பதைத் தீர்மானிக்கும்.

இது வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதை லிம்போப்போ மாகாணத்தின் லூயி ட்ரிஹார்ட் நகரம் நிரூபித்தது. போயர் குடியேறிகளின் தலைவர் ஒருவரின் பெயரைக் கொண்டிருந்த அந்த ஊருக்கு 2003இல் வெண்டா மன்னர் மக்காடோவின் பெயரைச் சூட்டினார்கள். உள்ளூர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2007இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் பெயர்மாற்றத்தை ரத்து செய்தது. மக்காடோ என்ற பெயர் தகுமா தகாதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவில்லை. ஊர் மக்களிடம் உரிய கலந்தாலோசனை நடக்கவில்லை என்பதே குறை. 2011இல் அரசு மீண்டும் மக்காடோ என்று மாற்றியது. 2014இல் மீண்டும் லூயி ட்ரிஹார்ட். ஊரைச் சுற்றியுள்ள நகராட்சியின் பெயர் மட்டும் மக்காடோ என்றே இருக்கிறது. பத்தாண்டுக்கும் மேலாக அந்த ஊரின் பெயர்ப்பலகைகள் இங்கும் அங்கும் அலைந்ததற்குக் காரணம் வரலாற்றுச் சர்ச்சையைவிட, ஒழுங்காகக் கேட்காமல் அவசரப்பட்டதுதான். முறையாகச் செலவிட வேண்டிய சில மாதங்களை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு நியாயமான கோரிக்கையையே கெடுத்துக்கொண்டார்கள்.

டர்பன் நகரத்தின் அனுபவம் வேறு மாதிரி. அங்கே மாநகராட்சி தெருப்பெயர்களை மொத்தமாக மாற்றியது. முதலில் 9, பிறகு 2008இல் ஒரே மூச்சில் 99. மூர் சாலை சே குவேரா சாலையானது. எதிர்க்கட்சிகள் ஊர்வலம் போயின. புதிய பெயர்ப்பலகைகளில் இரவோடு இரவாகப் பெயின்ட் வீசினார்கள். இந்த மாற்றங்களை எதிர்த்த வழக்கு 2011இல் முடிந்தபோது, முதல் 9 தெருக்களின் மாற்றம் செல்லாது, பின்னர் செய்த 99 செல்லும் என்று தீர்ப்பு வந்தது. சட்டப்படி சரி, ஆனால் 99 தெருக்களில் வாழ்வோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பட்டியலை நீட்டிக் கருத்துச் சொல்லுங்கள் என்பது என்ன வகைக் கேட்பு என்று எனக்குப் புரியவில்லை. பட்டியல் நீள நீளப் பேச்சு கட்சிச் சண்டையாகிறது. அந்தத் தெருவில் முன்பு யார் வாழ்ந்தார் என்பது காணாமல் போகிறது. அந்தப் பட்டியல்களில் நல்ல தேர்வுகளும் இருந்தன. இந்திய வணிகர்கள் நிறைந்த பிரின்ஸ் எட்வர்ட் தெருவுக்கு டாக்டர் குணம் பெயர் வந்தது அப்படி ஒன்று. எடின்பரோவில் மருத்துவம் படித்து 1936இல் டர்பன் திரும்பிய அந்தப் பெண், 1946 சத்தியாகிரகத்தில் முன்னணியில் நின்றவர். தன் வரலாற்றுக்கு ‘கூலி டாக்டர்’ என்று தலைப்பிட்டவர். அவர் மருத்துவம் பார்த்த வட்டாரத்திலேயே அவர் பெயரில் ஒரு தெரு இருப்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே டர்பனில் கேட்டோ மேனர் என்றொரு பகுதி. நகரின் முதல் மேயர் ஜார்ஜ் கேட்டோவின் பெயர். ஒப்பந்தக் கூலிக்காலம் முடிந்த இந்தியர்கள் அங்கே காய்கறித் தோட்டம் போட்டு வாழ்ந்தார்கள்; பிறகு ஆப்பிரிக்கக் குடும்பங்களும் பெருந்திரளாக வந்து சேர்ந்தன. 1950களின் இறுதியிலிருந்து இதுவும் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டுக் காலி செய்யப்பட்டது. இந்தியர்கள் சாட்ஸ்வொர்த்துக்கும், ஆப்பிரிக்கர்கள் க்வாமாஷு, உம்லாசிக்கும் போனார்கள். அம்பலவாணர் ஆலயம் அங்கேயே நின்றது. ஈஸ்டர் காலத்துத் தீமிதிக்கு, ஊரை விட்டுப் போனவர்களின் குடும்பங்கள் இன்றும் அங்கே வருகின்றன. கோயில் இருக்கும் பெல்லேர் சாலை இப்போது வூசி ம்ஸிமேலா சாலை. சுற்றுலாப் பட்டியல்களில் கோயில் முகவரி புதுப்பெயரோடும், அடைப்புக்குறிக்குள் பழைய பெயரோடும் அச்சாகிறது. ஆண்டுக்கு ஒருமுறை சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்து தீ மிதித்துவிட்டுப் போகும் ஒருவர் அந்தச் சாலையின் பெயரைப் பற்றிக் கருத்துச் சொல்ல உரிமையுள்ளவரா? நகராட்சியின் சொத்துவரி ஏட்டில் அவர் பெயர் அங்கே இல்லை. இருந்தாலும் உரிமை உண்டு என்பேன்.

கேப்டவுனிலும் இதுவே நடந்தது. இடிக்காமல் விட்ட பள்ளிவாசல்களுக்கும் தேவாலயங்களுக்கும் கேப் ஃபிளாட்ஸிலிருந்து மக்கள் வாரந்தோறும் வந்துகொண்டிருந்தனர். வெளியேற்றப்பட்டோருக்காக எழுப்பிய குடியிருப்புகளில் ஒன்றின் பெயர் ஹானோவர் பார்க். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸின் பெரிய கடைத்தெருவான ஹானோவர் தெருவின் பெயர் அது. தெருவை இடித்துவிட்டுப் பெயரை மட்டும் மணல்வெளிக்கு அனுப்பினார்கள். ஆக, கேட்க வேண்டியவர்கள் இருந்தார்கள், சிதறியும் இருந்தார்கள். சோனப்ளூமின் விளக்குக் கம்பத்தில் ஒட்டும் நோட்டீஸ் அவர்கள் கண்ணில் படாது.

இந்தச் சிதறலை எதிர்கொள்ள ஒரு வழியைக் கண்டவர்கள் அரசு அதிகாரிகள் அல்ல. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்தார். 1980களின் இறுதியில் அந்த நிலத்தை விற்றுக் கட்டடம் எழுப்பும் திட்டங்களை எதிர்த்த இயக்கத்திலிருந்து கிளைத்தது அது. 1994 டிசம்பரில் பழைய மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றில் முதல் கண்காட்சியைத் திறந்தது. பொருள் தெருக்கள். உள்ளே நுழைந்தால் கால்கீழே பகுதியின் பெரிய வரைபடம். அரசு அழித்த தெருக்கள் அனைத்தும் அதில் உண்டு. முன்னாள் குடியிருப்போர் மண்டியிட்டு உட்கார்ந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் பேனாவால் குடும்பப் பெயரை எழுதுகிறார்கள். பக்கத்தில் நீண்டு தொங்கும் துணியில் கையெழுத்திட்டு ஓரிரு வரி எழுதுகிறார்கள். பிறகு அந்தக் கையெழுத்துகள் நூலால் தைக்கப்படுகின்றன. மேலே தொங்குபவை அசல் தெருப் பெயர்ப்பலகைகள், எழுபதுக்கும் மேல். இடிப்பு வேலையை மேற்பார்த்த ஒருவர் அவற்றைக் குப்பையோடு அனுப்பாமல் தன் வீட்டு நிலவறையில் பத்திரப்படுத்தி வைத்திருந்து பின்னாளில் கொடுத்தார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதை யோசித்துக்கொண்டே இருக்கலாம்.

இதை நினைவுச்சின்னம் என்று மட்டும் பார்ப்பது குறைப் பார்வை. செயல்பாட்டில் அது ஒரு குடியிருப்போர் பதிவேடு. யார் எங்கே வாழ்ந்தார் என்பதை வாழ்ந்தவரே எழுதி, அண்டை வீட்டுக்காரர் சரிபார்க்கக்கூடிய பதிவேடு. சோனப்ளூம் என்ற பெயரை மாற்ற விண்ணப்பித்த அருங்காட்சியகம் அதன்மேல் காலூன்றித்தான் நின்றது. கேட்கப்பட வேண்டியவர்கள் யார் என்ற கேள்விக்கு அதன் தரையிலேயே பதில் இருந்தது. 2019இல் நகராட்சி கெய்சர்ஸ்ஃக்ராஃக்ட் என்ற சாலைக்கு மீண்டும் ஹானோவர் தெரு என்று பெயரிட்டதும் இதே அலையில்தான். பழைய தெருவின் தடத்தில் அச்சுப்பிசகாமல் இன்றைய சாலை ஓடவில்லை. நிறவெறிக் காலத் திட்டமிடல் தெரு அமைப்பையே மாற்றிவிட்டது. இருந்தும் முன்னாள் குடியிருப்போர் அதை ஏற்றார்கள்.

இன்னொரு பதிவேடும் உண்டு, சட்டம் உருவாக்கியது. 1994இன் நில மீட்புச் சட்டம், 1913க்குப் பின் இனச் சட்டங்களால் நிலம் இழந்தவர்கள் உரிமை கோரலாம் என்றது. பட்டா இருந்தவர் மட்டுமல்ல, பத்து ஆண்டு தொடர்ந்து அனுபோகத்தில் இருந்தவரும் கோரலாம். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் பெரும்பாலோர் வாடகைக் குடித்தனக்காரர்கள் என்பதால் இது மிக முக்கியம். குடியிருப்பவர் என்றால் வீட்டுக்காரர் என்று நினைக்கும் பழக்கத்தை இச்சட்டம் உடைத்தது. ஆனால் 1998 டிசம்பர் 31 என்று கெடு வைத்தார்கள், தவறவிட்டவர்கள் ஏராளம். 2014இல் நாடாளுமன்றம் கெடுவை மீண்டும் திறந்தது. 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்று அறிவித்தது. காரணம்? மாகாணங்களில் பொதுமக்கள் கருத்தைக் கேட்பதற்கு அவகாசமே தராமல் சட்டத்தை அவசரமாக நிறைவேற்றிவிட்டார்கள். கேட்கப்படாமல் துரத்தப்பட்டவர்களுக்கு உதவ வந்த சட்டம், கேட்காமல் இயற்றியதால் விழுந்தது.

அரசு மட்டும்தான் கேட்காமல் பெயர் வைக்கும் என்பதில்லை. 2010களின் தொடக்கத்தில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸின் நகர மையத்தை ஒட்டிய ஓரத்தைப் புதுமைத் தொழில் வட்டாரமாக வளர்க்க முனைந்தவர்கள் அதற்கு ‘தி ஃப்ரின்ஜ்’ என்று விளம்பரப் பெயர் சூட்டினார்கள். காபிக் கடைகளும் வடிவமைப்பு நிறுவனங்களும் நிறைந்த ஒரு துடிப்பான ஓரம். அருங்காட்சியகம் இதை எதிர்த்தது. யாருடைய ஓரம்? அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது நடு. 1970இல் நடந்ததே மென்மையான குரலில் திரும்ப நடக்கிறது என்று அவர்கள் வாதிட்டனர். சில ஆண்டுகளில் அந்தப் பெயர் வழக்கொழிந்தது. நகர நிலத்தின் விலை ஏறும் இடங்களில் பெயர்மாற்றத்துக்கு அரசிதழ் தேவைப்படுவதில்லை, ஒரு விளம்பர நிறுவனம் போதும். அப்போது ஆட்சேபனை மனுவை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்பதற்கு எந்தச் சட்டத்திலும் விடையில்லை.

பெயர் திரும்பிய 2019இல் நிலம் எவ்வளவு திரும்பியிருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2004 பிப்ரவரி 11இல், வெளியேற்ற அறிவிப்பின் 38ஆம் ஆண்டு நாளில், நெல்சன் மண்டேலா முதுமையில் இருந்த இரண்டு முன்னாள் குடியிருப்போருக்கு வீட்டுச் சாவி வழங்கினார். அதன்பின் 15 ஆண்டுகளில் கட்டி முடிந்த வீடுகள் 150க்கும் குறைவு. தாமதத்துக்காக நில உரிமை நீதிமன்றம் அரசைக் கண்டித்து, திட்டமும் கால அட்டவணையும் தாக்கல் செய்ய உத்தரவிட வேண்டியிருந்தது. மலைச்சரிவில் பெரும்பரப்பு இன்னும் புல் முளைத்துக் கிடக்கிறது. அதில் கணிசமான துண்டின்மேல் நிறவெறிக் காலத்தில் வெள்ளையருக்கென எழுப்பிய தொழில்நுட்பக் கல்லூரி நிற்கிறது. இப்போது அது கேப் பெனின்சுலா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம், எல்லா இனத்தவரும் படிக்கிறார்கள். அந்த வளாகத்துக்குப் பல்கலைக்கழகமே டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வளாகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்த மாற்றத்துக்கு ஒரு சுவரைக்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. கேப் ஃபிளாட்ஸில் இன்னும் வீட்டுக்குக் காத்திருப்பவர்களிடம் பெயரைப் பற்றிக் கருத்துக் கேட்ட அளவுக்கு, அந்த வளாகத்தின் எல்லைக்கோட்டைப் பற்றி எவரும் கேட்டதில்லை.